கத்தரிப் பக்கம், புடலைப் பக்கம்

"இந்த வூட்ல ஒண்ணு நானு இருக்கணும், இல்லாங்காட்டி அந்தப் புடலங்கா இருக்கணும்!"

குப்பம்மா போட்ட சத்தம் திருவொற்றியூர் தேரடி வரைக்கும் கேட்டிருக்கும். அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்த அவள் மகன் தாமோதரன், சட்டைக்குள் ஒரு கை, வெளியில் ஒரு கையுமாக அப்படியே நின்றுவிட்டான்.

"கத்திரிக்கா தின்னா எனுக்கு ஒடம்பெல்லாம் அரிக்கிது. புடலங்காதான் போடணும்!" என்று சமையற்கட்டிலிருந்து பதில் கொடுத்தாள் அவன் மனைவி மங்கை. கூடவே ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது.

வினையை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன்தான். ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்ற காலம் அது. வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று சர்க்கார் சொல்ல, துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாக்களுக்கு ஆளுக்கு இரண்டு பொட்டலம் விதை கொடுத்தார்கள். அவனுக்குக் கிடைத்தது ஒன்று கத்தரி, ஒன்று புடலை.

புடலைப் பந்தல் நிழலில் கத்தரி பூக்காது என்றாள் தாய். கத்தரிக்காகப் பந்தலை விடமுடியாது என்றாள் மனைவி. போடுவதற்கு இடம் எங்கே என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. புழக்கடை முழுக்க எருக்கஞ்செடி, செங்கல் துண்டு, ரயில் எஞ்சினிலிருந்து பறந்துவந்து படிந்த கரித்தூள். சுத்தம் பண்ணச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்டால், "ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்பான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோஸ்துகளோடு சீட்டாட உட்கார்ந்துவிடுவான்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாமியாரும் மருமகளும் ஒரு சொல் தடித்துப் பேசியவர்களில்லை. அதனால்தான் இந்தச் சண்டை அவனைப் பயமுறுத்தியது.

"நானு எண்ணூர்ல எம்பொண்ணு வூட்டோட போயிடறேன் நைனா. நீ அவளோட புடலங்கா தின்னுகினு சொகமா இரு" என்றாள் குப்பம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அவங்க இன்னாத்துக்குப் போவணும்? ராயபுரத்துல எங்கம்மா வூட்டுக்கு நான் போறேன்" என்றாள் மங்கை.

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ரசூல் பீவியிடம் மெதுவாக விசாரித்தான். "அக்கா, நான் வேலைக்குப் போனப்புறம் எங்க வூட்ல சண்ட ரொம்ப கேக்குதா?"

"சண்டையா? நீங்க அந்தாண்ட போனா ஒரு சத்தமும் கெடையாது தம்பி."

தாமோதரனுக்குப் பகீரென்றது. முகம் கொடுத்துப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார்களா! கத்திக்கொண்டிருந்தாலாவது தேவலை. இனியும் விட்டால் குடும்பம் இரண்டாகிவிடும் என்று முடிவுகட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டாடக் கூப்பிட வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, மண்வெட்டியோடு புழக்கடையில் இறங்கினான். எருக்கை வேரோடு பிடுங்கி, செங்கல்லை வாரிக் கொட்டி, நடுவே ஒரு கயிறு கட்டினான்.

"இந்தாண்ட உன் கத்திரிக்கா. அந்தாண்ட அவ புடலங்கா. போதுமாம்மா?"

குப்பம்மா கயிற்றை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ பக்கம் ரெண்டடி சாஸ்தி கீதே!"

அவன் அம்மா பக்கம் இரண்டடி கூடக் கொத்தினான். மங்கை வந்து பார்த்துவிட்டு, "அவங்களுக்கு மட்டும் கெணத்தோரமா? எனுக்கு ஒரே கல்லா கீதுங்க" என்று மூக்கை உறிஞ்சினாள். அவள் பக்கம் கல் பொறுக்கினான். இப்படியே மாறி மாறி, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கொல்லைக் கோடி வரைக்கும் ஒரு புல் இல்லாமல் சுத்தமாகிவிட்டது.

பிறகு ஏரி வண்டல் ஒரு வண்டி வந்தது. புடலைக்குச் சவுக்குக் கழியில் பந்தல் எழுந்தது. ஆடு நுழையாமல் இருக்க, மீனவர் குப்பத்தில் கேட்டு வாங்கிய பழைய வலையைச் சுற்றிலும் கட்டினான். பேனா பிடித்த கையெல்லாம் கொப்புளம். ஆனால் விதை ஊன்றிய அன்று இரண்டு பெண்களும் தத்தம் பக்கம் சண்டை போடாமல் தண்ணீர் தெளித்தபோது, கொப்புளத்தின் எரிச்சல்கூட அவனுக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை. முளை விட்டிருக்கிறதா பார்க்கலாம் என்று பின்சந்து வழியாகவே வந்தான் தாமோதரன். புடலைப் பக்கம் இரண்டிரண்டு இலையாகத் தலைநீட்டியிருந்தது. கத்தரிப் பக்கமும் பச்சை தெரிந்தது.

கிணற்றடியில் மங்கை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, குப்பம்மா மருமகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

தாமோதரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சேர்ந்துவிட்டார்கள்! தான் பட்ட பாடு வீண்போகவில்லை. குரல் கொடுக்க வாயெடுத்தவன், மங்கை பேசுவதைக் கேட்டு வலைக்கு வெளியிலேயே நின்றான்.

"அத்தே, மழ வரதுக்குள்ள கூர ஓடெல்லாம் மாத்தணும். சொன்னா ஞாயித்துக்கெழம பாக்கலாம்னுவாரு."

குப்பம்மா பின்னலை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இந்த வாட்டி சண்டைய நீ ஆரம்பிடி, எனுக்குத் தொண்ட கட்டிக்கினு கீது!"