சந்துப் பக்கத்துக் காற்று

"ஆல்வின் தம்பி, மெஷின் நல்லா ஓடுதா?"

பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் வாசலில் நின்று கேட்டாள். காலையில் ஒரு தரம் கேட்டாயிற்று. இது சாயங்காலக் கேள்வி.

"ஓடுதுக்கா," என்றான் ஆல்வின்.

"காயின் விலை ஏறுச்சா?"

"கம்மியாத்தான்க்கா இருக்கு."

பட்டம்மாளின் முகம் வாடிவிட்டது. தன் பணமே போனமாதிரி பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த சௌந்தர்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம வீட்ல இன்னா வருது, இன்னா போவுதுன்னு பாக்கறதே இவங்களுக்கு வேலையாப் போச்சு. இவங்க கண்ணு பட்டுத்தான் நமக்கு ஒண்ணும் வரல."

"சும்மா இரு. அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல," என்றான் ஆல்வின்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவன் எலக்ட்ரீஷியன். வீட்டிலேயே பிட்காயின் என்ற கம்ப்யூட்டர் காசு எடுக்கலாம் என்று யாரோ சொல்ல, போன வருஷம் அந்த மெஷினை வாங்கி வந்தான். பார்க்க அரிசி டின் மாதிரி இருக்கும். இரவும் பகலும் மிக்ஸி சத்தம் போடும். வீடு சூளையாகிறது என்று சௌந்தர்யா சத்தம் போட்டதால், சுவரில் ஓட்டை போட்டு, குழாய் வைத்து, அனல் காற்றைப் பக்கத்துச் சந்தில் விட்டிருந்தான்.

முதலில் கொஞ்சம் வந்தது. அப்புறம் வந்ததையெல்லாம் கரண்ட் பில் சாப்பிட்டது. இப்போது கைக்காசையும் சேர்த்துச் சாப்பிடுகிறது.

"வித்துடு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் "விலை ஏறும், இரு" என்பான். படித்த மனுஷனுக்கு இப்படி ஒரு பேராசையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அவனைக் கேட்காமலேயே ஆள் வரவழைத்துவிட்டாள். ராணிப்பேட்டையில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் முஜாஹித். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சின்ன மெஷின்லாம் பெரிய கம்பெனிக்காரன் மெஷின்கிட்ட நிக்காதும்மா," என்றார் முஜாஹித். "வீட்டுத் தூசியில நாள் கணக்கா ஓடுனா ஃபேன் போவும், இல்ல போர்டு போவும். எடுக்கறதவிட தின்னுறது ஜாஸ்தி. பிரிச்சுப் பாத்துதான் விலை சொல்ல முடியும்."

"பிரிக்க வேணாம் பாய். விக்கற ஐடியா இல்ல," என்றான் ஆல்வின்.

"நீங்க பிரிங்க பாய்," என்றாள் சௌந்தர்யா.

அவர் ஸ்விட்சை அணைத்தார். மிக்ஸி சத்தம் நின்றது. அடுத்த நிமிஷம் பட்டம்மாள் நனைந்தபடி ஓடி வந்தாள்.

"தம்பி, ஏன் நின்னுபோச்சு?"

"விக்கப்போறோம்," என்றாள் சௌந்தர்யா. "உங்களுக்கு இன்னாக்கா அதுல?"

பட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லாம இருந்தது தப்புதாம்மா. நான் கம்பெனி ஷூவுக்கு மேல்தோல் தைக்கறேன்ல, ஊசி இறங்கணும்னா ஓரத்தை நனைச்சுத்தான் தைக்கணும். அப்புறம் பதமாக் காயணும். அடுப்புக்கிட்ட வெச்சா வெறச்சுக்கும். மழையில விட்டா பூஞ்சை பூத்துரும். போன மழைக்காலத்துல அப்படித்தான் பூத்து, ஏஜென்ட் எல்லாத்தையும் திருப்பிட்டாரு. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வேலையே கிடையாதுன்னுட்டாரு."

"அதுக்கும் மெஷினுக்கும்?"

"உங்க குழாய்க் காத்து எங்க சந்துலதானே வருது. அங்க கயிறு கட்டிக் காயப்போடறேன். இந்த மழைக்காலத்துல ஒரு ஜோடிகூடத் திரும்பி வரல. எங்க வீட்டுக்காரரு முதுகு ஒடிஞ்சு படுத்ததுல இருந்து அந்தத் தையல்லதாம்மா எங்க வீட்ல சோறு. லாபம் வரலன்னா நீங்க நிறுத்திடுவீங்களேன்னு, கோயிலுக்குப் போறப்பல்லாம் உங்க காயின் ஏறணும்னு வேண்டிக்கறேன். உங்களுக்கே தெரியாம நீங்க எங்களுக்குச் செய்யற உபகாரம் இது. உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்."

இந்த மனுஷியையா கண்ணு வைக்கிறாள் என்று சொன்னோம் என்று சௌந்தர்யாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கரண்ட் பில் கண் முன்னால் வந்து நின்றது.

"அக்கா, நீங்க சொல்றது புரியுது. ஆனா நஷ்டத்துக்கு எத்தினி நாளு..."

"இன்னா ஆல்வின் இது?"

முஜாஹித் கழற்றிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"உள்ள போர்டையே காணோம். வெறும் ஃபேனும் ஹீட்டர் கம்பியும்தான் இருக்கு. இது எப்படிக் காயின் எடுக்கும்?"

சௌந்தர்யா எட்டிப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"போர்டு எங்க?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியே எரிஞ்சுபோச்சு."

"அப்ப இத்தினி நாளா இத எதுக்கு ஓட்டுன?"

ஆல்வின் இரண்டு பெண்களையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னான்.

"அக்கா சந்துல தோல் காயப்போடறத அப்பவே பாத்துட்டேன். ஒரு ஹீட்டர் வாங்கிக் குடுத்தா வேணாம்னுடுவாங்க. மெஷின்ல இருந்து வீணாப் போற காத்துன்னாத்தான் எடுத்துப்பாங்க."