பின்பக்கமாக நடந்த பெண்

வழிகாட்டிப் பெண் பின்பக்கமாக நடந்துகொண்டே பேசினாள்.

இராஜரட்ணத்துக்கு அது பிடிக்கவில்லை. மார்ச் மாத வெயிலில் பனி உருகி, நடைபாதையெங்கும் வழுக்கிக்கொண்டு கிடந்தது. பார்த்து நடக்கச் சொல்ல இவளுக்கு ஒருவரும் இல்லையா?

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிற பிள்ளைகளும் பெற்றோருமாக இருபது பேர் அவளைத் தொடர்ந்து வந்தார்கள். சிவப்பு ஜாக்கெட் போட்டிருந்தாள். தன்னை அஷ் என்று கூப்பிடலாம், இரண்டாம் வருடம் படிக்கிறேன் என்று தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெயர் அவருக்குப் புதிதாக இருந்தது.

பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், சனிக்கிழமை பதினொரு மணிச் சுற்றுக்குப் போங்கள் என்று சொன்னவன் மகன் நிதுசன். அவர் மூன்று தடவை பதிவு செய்து, இரண்டு தடவை ரத்துச் செய்திருந்தார். இன்றும் யூனியன் ஸ்டேஷனில் இறங்கியதும், திரும்பி வீடிருக்கிற விட்பிக்கே ரயிலேறிவிடலாமா என்று கொஞ்ச நேரம் நின்றார்.

பக்கத்தில் வந்த பெண்மணி சென்னைக்காரி. சீதா என்று பெயர் சொன்னாள். அவளுடைய மகன் காதில் எதையோ செருகிக்கொண்டு தனியே நடந்தான்.

"உங்களுக்குப் பையனா, பொண்ணாங்க?"

"மகள்," என்றார். "முன்னுக்குப் போறா."

முன்னால் ஐந்தாறு பெண்பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். சீதா தலையாட்டினாள்.

அஷ் நூலகத்தைக் காட்டினாள். பரீட்சைக் காலத்தில் இடம் பிடிக்கக் காலை ஏழு மணிக்கே வந்துவிட வேண்டும் என்றாள். சாப்பாட்டு மண்டபத்தைக் காட்டி, புதன்கிழமைக் கறியை மட்டும் நம்பாதீர்கள் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இராஜரட்ணம் சிரிக்கவில்லை. அப்படியென்றால் புதன்கிழமைகளில் இந்தப் பிள்ளைகள் எதைச் சாப்பிடும்?

அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. விறுவிறென்று முன்னால் போவார். அவள் பார்வை தன் பக்கம் திரும்பினால், கடைசி ஆளாகப் பின்தங்குவார். கையுறையைக் கழற்றுவார், மறுபடியும் போடுவார்.

விடுதியில் ஓர் அறையைத் திறந்து காட்டினாள். ஒரு கட்டில், ஒரு மேசை. கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் முட்டும்.

வீட்டில் இடமில்லாமலா? விட்பியிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம். எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் போய்வருகிறார்கள். இதைத்தான் அவர் வீட்டில் சொன்னார். குசினிக்குள் நின்று கத்திச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாத ஒன்றையும் கடைசியில் சேர்த்துச் சொன்னார்.

தனியே இருக்கப் பயமாக இருக்காதா என்று ஒரு தாய் கேட்டாள்.

முதல் இரண்டு வாரமும் தூக்கமே வரவில்லை என்றாள் அஷ். போன வருடம் பெப்ரவரியில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாளாம். பக்கத்து அறை மெலிசாதான் சூப் வாங்கிவந்து, தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினாளாம். அதைப் பெரிய பகிடி போலச் சொன்னாள்.

நாலு நாள்.

இராஜரட்ணம் அந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினார். இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த ஆங்கிலத்தில் கேட்டார்: விடுதியில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்களா?

மற்றவர்களின் கேள்விகளுக்கெல்லாம் பட்டென்று பதில் சொன்னவள், போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

அது வீட்டைப் பொறுத்தது என்றாள். சிலர் வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று பார்த்திருந்து ஓடிவிடுவார்கள். சிலருக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பதே தெரியாது.

சொல்லிவிட்டு மறுபடியும் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். இந்தத் தரம் வேகமாக. அவளுக்குப் பின்னால் ஐந்து கல்படிகள் கீழே இறங்கின. நிழல் விழுந்த மேல்படியில் பனி இன்னும் கண்ணாடி போல உறைந்திருந்தது.

"பிள்ளை, படி!"

அவர் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. ஆட்களை இடித்துக்கொண்டு ஓடிப்போய், அவளுடைய ஜாக்கெட் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார். அவளது குதிகால் படியின் விளிம்பில் நின்றது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு மெல்ல விடுவித்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்தாள்.

"தாங்க் யூ, சேர்."

அதன் பிறகு அவள் எல்லோரையும் போல முன்னே பார்த்து நடந்தாள். அவருக்கு அவள் முதுகு மட்டுந்தான் தெரிந்தது.

பெரிய வாசலில் சுற்று முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சீதா மகனை இழுத்துக்கொண்டு சப்வே ரயில் நிலையப் பக்கம் போனாள். இராஜரட்ணமும் அந்தப் பக்கம் பத்து அடி வைத்தார். நின்றார். திரும்பி வந்தார். சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு அறிவித்தலை வாசிப்பது போல நின்றார். எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

பேச வந்ததைப் பேசாமலே போகப் போகிறோம் என்று நினைத்தார். விட்பி போய்ச் சேர்ந்ததும் மனைவி அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள்.

ஆட்கள் கலைந்து முடியும்வரை அந்தப் பெண் காத்திருந்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் வந்து, அதே அறிவித்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து முதல் தடவையாகத் தமிழில் பேசினாள்.

"அடுத்த சுற்று ரெண்டு மணிக்குத்தான். அதுவரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்லை, அப்பா."