தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம்

பட்டப்பகல் பதினோரு மணிக்கு நூலகத்தைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள் லைப்ரரியம்மா.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேரைப் பாதிச் செய்தியில் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுத்தான் பூட்டினாள். ஒன்பது வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. அதனால் அந்த நாலு பேரும் வீட்டுக்குப் போகவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு அவள் பின்னாலேயே நடந்தார்கள். பேப்பரில் இல்லாத செய்தி முன்னால் போகிறபோது வீட்டுக்குப் போக யாருக்குத்தான் மனசு வரும்?

கையில் ஒற்றைக் காகிதம். காலையில் மின்னஞ்சலில் வந்ததை அவளே அச்செடுத்திருந்தாள்.

நேரே பெயிண்ட் கடைக்குப் போனாள். கடை முதலாளிதான் நூலகக் குழுவின் தலைவர். புத்தகத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. ஒருமுறை நூலகச் சுவருக்கு மிச்சம் விழுந்த பச்சை பெயிண்டைக் கொடுத்தார், தலைவர் ஆகிவிட்டார்.

கடையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் படுக்கையறைக்கு என்ன நிறம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விரித்து வைத்திருந்த வண்ண அட்டையின் மேலேயே காகிதத்தை அறைந்தாள்.

"படிங்க."

வார்த்தைக்கு வார்த்தை ‘அண்ணே’ போடுகிறவள், அன்று மொட்டையாகப் பேசினாள்.

"முதல்ல உட்காரும்மா. என்ன ஆச்சு?"

உட்காரவில்லை. தானே எடுத்துப் படித்தாள், வாசலில் நின்ற நாலு பேருக்கும் சேர்த்துக் கேட்கும்படி.

கிராமத்து நூலகங்களில் வேலை பார்ப்பவர்கள், வேலையை விடாமலே இணையத்தில் முதுகலைப் பட்டம் படிக்க ஓர் உதவித்தொகை. அதற்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். பட்டம் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒன்பது வருஷமாக இருப்பதுபோலவே, தற்காலிகம். இதற்குள் அவள் மாமியார் வேறு, "எங்க வீட்டுல இனிமே ரெண்டு பட்டம்" என்று வீடு வீடாகச் சொல்லி முடித்தாயிற்று.

வந்திருந்த பதில் இது: ‘விண்ணப்பதாரர் ஒருநாள் இல்லாவிட்டாலும் நூலகம் இயங்காது என்று தங்கள் தலைவரின் பரிந்துரைக் கடிதம் தெளிவாகக் கூறுகிறது. எனவே வாசகர் நலன் கருதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

மார்க் போதாது என்றிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். இதற்கு அழுகைகூட வரவில்லை. காது மடல் வரைக்கும் சிவந்துபோய் நின்றாள்.

"இணையத்துல படிக்க நான் எங்க போகப் போறேன்? அதே நாற்காலியிலதான உட்கார்ந்திருக்கப் போறேன்! அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்லிடாதீங்க. அடுத்த மாசம் எனக்கு நாற்பது. நாற்பதுக்கு மேல வாங்க மாட்டாங்க."

நாற்பதா! முப்பத்தஞ்சு என்றல்லவா நினைத்திருந்தோம் என்று நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெயிண்ட் வாங்க வந்த பெண்ணுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்லபடியாத்தானேக்கா எழுதியிருக்கு? எங்க ஆபீஸ்ல என்னைப் பத்தி இப்படி ஒரு வரி எழுத ஆள் இல்லை."

லைப்ரரியம்மா பார்த்த பார்வையில் அவள் சட்டென்று இளநீலத்துக்குச் சம்மதித்துவிட்டாள்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அதைப் படிச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

தலைவர் கல்லாப்பெட்டியைத் திறந்தார், மூடினார்.

"ஒரே ஒரு வரி! படிச்சிருந்தா அடிச்சிருப்பீங்க. ‘இது வேண்டாம்மா, இடிக்குது’ன்னு சொல்லியிருப்பீங்க. ஒரு நூலகத்துக்குத் தலைவர், ஒரு பக்கம் படிக்க முடியலையா?"

அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. நாலு பேர் பார்க்கிறார்கள் அல்லவா.

"நீ எழுதி எடுத்துட்டு வந்ததை நான் எதுக்கும்மா படிக்கணும்? நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்னேன். போட்டேன்."

டின்னைக் குலுக்குகிற இயந்திரம் மட்டும் கடகடத்தது.

எல்லா இடத்திலும் நடப்பதுதான். யாருக்குக் கடிதம் வேண்டுமோ அவரே எழுதிக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் கையெழுத்துக்கு மட்டும் பேனாவைத் திறப்பார்கள். அவளும் முதலில் கூச்சப்பட்டு இரண்டு வரியோடு நிறுத்தினாள். பிறகு நிறுத்த முடியவில்லை. ஒன்பது வருஷமாக ஒருத்தரும் சொல்லாததையெல்லாம் ஒரே பக்கத்தில் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு வார்த்தை பொய்யில்லை.

தலைவர் மேசை டிராயரைத் துழாவி அந்தக் கடிதத்தின் நகலை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் முறையாக, விரல் வைத்துப் படித்தார்.

"மழை வந்தா புத்தகத்து மேல தார்ப்பாய் போடுறது நீயா?"

"ஆமா."

"நடக்க முடியாதவங்க வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோறதும்?"

"ஆமா."

"கூட்டிப் பெருக்க ஒரு ஆள் இருந்துச்சேம்மா?"

"ஆறு வருஷமா இல்லை."

கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவளை அவ்வளவு மரியாதையோடு அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

"இத்தனையையும் நீ ஒருத்தியாவா பார்க்குற? அப்ப அவங்க சொல்றது சரிதானேம்மா. உன்னை எப்படி விட முடியும்?"