நொடிக்கு முப்பது படம்

"இவரை இன்னும் கொஞ்சம் வேகமா நடக்க வைக்கணும் தம்பி."

அந்த அம்மாள் போனை மேஜைமேல் வைத்தாள். வீடியோ எடிட்டர் எட்டிப் பார்த்தான். வராந்தாவில் ஒரு பெரியவர், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சு."

"அதான் நடக்கறாரே?"

"இந்த நடை பத்தலை."

எடிட்டர் பொறுமையாகச் சொன்னான். "வீடியோங்கறது வரிசையா வர்ற போட்டோதாம்மா. உங்க போன் நொடிக்கு முப்பது எடுத்திருக்கு. அதையே நொடிக்கு நாற்பத்தஞ்சா ஓட்டினா நடை வேகமாயிடும். ஆனா அவர் நடந்தது என்னவோ இந்த நடைதான்."

"பரவாயில்லை. செஞ்சு கொடுங்க."

"யாருக்குக் காட்டப் போறீங்க?"

"வீட்டுல ஒருத்தருக்கு."

சொந்தக்காரர்கள் முன்னால் தலை குனியக் கூடாது என்று பார்க்கிறாள், எடிட்டர் முடிவு கட்டிக்கொண்டான். வேலையை மட்டும் செய்து கொடுத்தான்.

மாதம் ஒருமுறை வந்தாள். ஒவ்வொரு தடவையும் புது வீடியோ, அதே வேலை. மூன்றாவது தடவை அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அவர் படற கஷ்டத்தை மறைச்சுட்டு ஊருக்குப் படம் காட்டறது நல்லா இல்லை."

அவள் முகம் சிறுத்துப்போனது.

"சீக்கிரம் முடிச்சுடுங்க தம்பி. அவர் தூங்கி எழுந்திருக்கறதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்."

அடுத்த மாதம் மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. ஆளைத்தான் காணவில்லை. எடிட்டர் எழுந்து போய்ப் பார்த்தான்.

வீடியோவில் பார்த்த அதே பெரியவர், கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

"எங்க வீட்டம்மா கொண்டுவர்ற வீடியோவை வேகமா ஓட்டறது நீங்கதானே தம்பி?"

"நல்லா இல்லைன்னு சொல்லித்தான் பார்த்தேன் சார். அவங்க கேட்கலை. யாருக்குக் காட்டறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

"எனக்குத்தான் காட்டறா."

"உங்களுக்கேவா?"

"நாலு எட்டு நடந்து பார்த்தேன். இனிமே இவ்வளவுதான்னு சுவரைப் பார்த்துப் படுத்துட்டேன். அப்போதான் போனைக் கொண்டுவந்து, 'பாருங்க, நேத்து எவ்வளவு நல்லா நடந்திருக்கீங்க'ன்னு காட்டினா."

"நீங்க நம்பிட்டீங்களா?"

"அதுல நான் கண் சிமிட்டறதைப் பார்த்தீங்களா? கோழி மாதிரி இருக்கு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அவங்ககிட்ட கேட்கலையா சார்?"

"கேட்கத்தான் வாயெடுத்தேன். அவ முகத்தைப் பார்த்தேன். எழுந்து நடந்துட்டேன்."

"இனிமே செய்ய வேண்டாம்னு சொல்ல வந்தீங்களா?" என்றான்.

"சேச்சே. நாளைக்கு வருவா, வழக்கம்போல செஞ்சு கொடுங்க. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க. இந்த மாசம் நிஜமாவே என் நடை தேறியிருக்கு."

கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"நான் ஓடற மாதிரி வந்துடுச்சுன்னா, அதை நம்பற மாதிரி நடிக்க எனக்கு வராது தம்பி."