எதிரியின் விலாசம்

"எதிரி ஆஜராகல. அடுத்த மாசம் வாங்க" என்றார் கோர்ட் குமாஸ்தா, தலை நிமிராமல்.

இது ஐந்தாவது வாய்தா. தணிகாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் தறி நெய்யும் செல்லியம்மாள், மடங்காத விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் தறியில் இருந்த பட்டுப் பாவு நூலை ஒருத்தன் கத்தியால் அறுத்தபோது தடுத்த கை அது.

"ஐயா, வெட்டினவன் ஜாமீன்ல சுத்தறான். இந்தம்மா தறி நாடா பிடிச்சு நெய்ய முடியாம உக்காந்துகினு இருக்குது. இந்தம்மாவ ஒருதரமாவது கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"வாரன்ட் போட்டாச்சுப்பா. ஆள் வீட்டுல இல்லைன்னு திரும்பி வருது. நீ என்ன வக்கீலா?"

"மனு எழுதத் தெரிஞ்சவன்."

"மாசாமாசம் மனு. உனக்கு வீட்டுல சோறு போடறாங்களா?"

"அஞ்சு மாசமா போடலைங்க."

"விடுங்கண்ணா," என்றாள் செல்லியம்மாள். "நீங்க இதுல அலைய வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்."

தணிகாசலம் ஆறாவது மனுவை நீட்டினார். வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். ஒன்று, எதிரி ஓரிக்கையில் மாமன் வீட்டில் இருக்கிறான். இரண்டு, காலை ஏழு மணி வரை தூங்குவான். அதற்குள் போனால் பிடிக்கலாம்.

குமாஸ்தா முதல்முறையாக நிமிர்ந்தார். "இவ்வளவும் உனக்கு யாருப்பா சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நேத்துகூட என் சம்சாரம் மவனுக்குக் கொழம்பு எடுத்துகினு ஓரிக்கை பஸ் ஏறினா. எனக்குத்தான் பழையதுகூட வெக்கல."