கீறலையும் படிக்கும் டிரைவ்

கடைக்காரர் மூன்று டிவிடி டிரைவ்களை மேஜைமேல் வைத்துவிட்டு, இதற்குமேல் என்னிடம் இல்லை என்று கையை விரித்தார்.

லிஃப்ட் மெக்கானிக் ஒவ்வொன்றையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். ஒன்று படிக்க மட்டும் செய்யுமாம். மற்ற இரண்டும் எழுதவும் செய்யுமாம். எழுதுவது யாருக்கு வேண்டும்? கீறல் விழுந்த டிஸ்க்கைத் திணறாமல் படிப்பது எது என்று கேட்டார். கேட்டதையே திரும்பவும் கேட்டார்.

பக்கத்தில் நின்ற மகளுக்கு மானம் போனது.

கல்லூரிப் படிப்புக்காக அவளே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கம்ப்யூட்டர் இது. மதர்போர்டு, மெமரி, ஃபேன் எல்லாம் அவள் சொன்னபடியே முடிந்தாயிற்று. கடைசியில் அப்பா இந்த டிரைவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இப்போது வரும் கேபினெட்டுகளில் அதற்கு இடமே கிடையாது. இடமுள்ள ஒரே கேபினெட் கடை மூலையில் தூசி படிந்து கிடந்தது, ஆபீஸ் பீரோ மாதிரி.

"இந்தக் காலத்துல யாருப்பா டிஸ்க் போட்டுப் பாக்குறாங்க?"

அப்பா அடுத்த டிரைவைப் புரட்டினார். எந்த டிஸ்க் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

அம்மாவின் ஸ்கேன் டிஸ்க். ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு சந்தேகம் எழுதியிருந்தது. மார்க்கெட் முனை டாக்டர் டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் திருப்பிக் கொடுத்தார். நானே உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை, ரிப்போர்ட்காரர்கள் சும்மா பயமுறுத்துவார்கள் என்றார். கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அம்மா இல்லை.

உறவுக்காரர்கள் எல்லாரும் டாக்டரைத் திட்டித் தீர்த்தபோது இவர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரே பார்த்தும் கண்ணில் படவில்லை என்றால் அந்த நோய் அவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருந்திருக்கிறது, யார் என்ன செய்ய முடியும் என்று எல்லார் வாயையும் அடைத்தார். அந்த ஒரு நினைப்பில்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது.

அந்தப் படத்தை ஒருமுறை தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்றும் புரியாது, அது அவருக்கும் தெரியும். புரியாமல் இருந்தால்தான் நல்லது. டாக்டர் கண்ணுக்கே தப்பியது தன் கண்ணுக்கும் தப்பினால் மனசு ஆறிவிடும்.

இதையெல்லாம் கடையில் நின்று சொல்ல முடியுமா? ஆஸ்பத்திரி டிஸ்க் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"டாக்டருங்களே அதைப் பாக்குறதில்ல சார். மார்க்கெட் முனையில பெரிய டாக்டர் இருக்காரே, அவரோட கம்ப்யூட்டர் எல்லாம் நான் போட்டுக் கொடுத்ததுதான். வருஷக்கணக்காச்சு. ஒண்ணுலயும் டிரைவ் கிடையாது. வெளியில மாட்டிக்கிற மாதிரி ஒண்ணு தரேன்னேன். டிஸ்க்கையெல்லாம் எவன்யா உக்காந்து பாக்குறான்னுட்டாரு."

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

மகள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்த டிரைவ்களில் ஒன்றை முதல்முறையாகக் கையில் எடுத்தாள். அந்தப் பீரோ கேபினெட்டே இருக்கட்டும், இதை மாட்டிக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

அப்பா அவள் கையிலிருந்த டிரைவைப் பார்த்தார். அந்த டிஸ்க்கில் அது ஒளிந்தெல்லாம் இருக்காது. யார் பார்த்தாலும் தெரியும்படி பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது?

"வேண்டாம்மா. டிரைவ் வேண்டாம்."

கடைக்காரருக்கு நிம்மதி. ஒருவழியாக நான் சொன்னதைக் கேட்டீர்களே என்று சொல்லிக்கொண்டே, மகள் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டு, மூன்று டிரைவ்களையும் உள்ளே எடுத்துப் போனார்.