மாதிரிக் கட்டுரை

தேர்வு முடிந்து மணி அடித்ததும் முதலில் ஓடி வந்தவன் முதல் பெஞ்சுக்காரன். கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே கத்தினான்.

"சார்! தம்பியைச் சாகடிச்சிட்டு வந்துட்டேன் சார்!"

வெளியே காத்திருந்த பெற்றோர் கூட்டம் திடுக்கிட்டுத் திரும்பியது. கட்டுரை சார் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

அது அவருடைய மாதிரிக் கட்டுரையில் வருகிற தம்பி. கல்லூரி நுழைவுத் தேர்வில் கட்டுரைக்கென்று தனியாக ஒரு தாள் உண்டு. கணக்கில் புலியாக இருக்கிற பிள்ளைகள்கூட அதில்தான் கோட்டை விடுவார்கள். திருத்துகிறவர் மனசு இளக வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை. இளக வைக்கிற வழியைச் சொல்லிக்கொடுக்கத்தான் சாரின் கோச்சிங் சென்டர் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலோடு கிடக்கிற சின்னப் பையன். இருட்டென்றால் பயம். லைட்டை அணைக்காதீங்க என்கிறான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அவன் போன பிறகும் வீட்டுக் கூடத்து விளக்கை யாரும் அணைப்பதில்லை. கட்டுரை அவ்வளவுதான்.

அன்பு, பயம், மறக்க முடியாத நாள் என்று எந்தத் தலைப்பு வந்தாலும் இந்தத் தம்பியை உள்ளே நுழைத்துவிடலாம். ஆனால் அச்சு மாறாமல் எழுதினால் காப்பி என்று மாட்டிக்கொள்வீர்கள் என்று சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வயதை மாற்றுங்கள். நோயை மாற்றுங்கள். வேண்டுமானால் தம்பியைத் தங்கையாக்குங்கள். விளக்கை மட்டும் அவசரப்பட்டு முன்னால் கொண்டுவந்துவிடாதீர்கள், அது கடைசி வரியில்தான் எரிய வேண்டும்.

இந்த வருடத் தலைப்போ, 'நான் இழந்த ஒருவர்'. கேட்டு வாங்கியது போல வந்து விழுந்திருந்தது.

பிள்ளைகள் சாரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தம்பிக்கு மஞ்சள் காமாலை வரவழைத்திருந்தாள். ஒருவன் பாம்பைக் கடிக்க விட்டிருந்தான். இன்னொருத்தி இரட்டைப் பிள்ளைகளாக்கி இரண்டு பேரையுமே அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டைப் பார்த்தார்.

அவருடைய மகளும் அன்று தேர்வு எழுதினாள்.

படித்தால் இந்தக் கல்லூரியில்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவள். அப்பாவின் வகுப்பில் அவளுக்குக் கடைசி பெஞ்சு. மாதிரிக் கட்டுரையை அவர் கையில் எடுத்தாலே தண்ணீர் பிடித்துவர எழுந்து போய்விடுவாள். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று அவரும் விட்டுவிடுவார்.

எல்லோருக்கும் கடைசியில் வந்தாள். கூட்டம் கலையும்வரை கேட்டின் உள்பக்கமே நின்றுவிட்டு, பிறகு மெல்ல வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னம்மா, நல்லா எழுதினியா? தலைப்பு நமக்குன்னே போட்ட மாதிரி இல்ல?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்னைச் சுத்தி நம்ம சென்டர் பசங்கதான்பா. எல்லாரும் நம்ம சின்னுவைத்தான் எழுதிட்டிருந்தாங்க."

சின்னு. அந்தப் பெயரை அவர் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. சார் கற்பனையாக எழுதிய கட்டுரை என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். மகன் இறந்த வருடம், உதாரணத்துக்கு ஒன்று சொல்லுங்கள் சார் என்று யாரோ கேட்கப்போய், அடக்க முடியாமல் வந்து விழுந்தது அது. அன்று அவர் குரல் உடைந்தது, வகுப்பே அழுதது. அடுத்த வருடமும் சொன்னார். எந்த வருடத்திலிருந்து குரல் உடையாமல் போனது என்று அவருக்கே ஞாபகமில்லை. இப்போதெல்லாம் உடைய வேண்டிய இடத்தில் அவரே உடைத்துக் காட்டுவார்.

இன்று காலை அவர்கள் கிளம்பும்போதும் கூடத்து விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அவங்க வயசை மாத்திக்கலாம், நோயை மாத்திக்கலாம்," என்றாள் மகள். "நான் எதைப்பா மாத்துறது? நடந்ததை நடந்தபடி எழுதினா, நான்தான் காப்பியடிச்சவ."

அவளுக்காக வாங்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"அப்ப... ஒண்ணும் எழுதாமயா குடுத்துட்டு வந்தே?"

அவள் அந்தப் பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்து அவரிடமே நீட்டினாள். அவர் ஒரு மடக்கு குடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, ஏதோ தன்மேல்தான் தப்பு என்பது போல, மெதுவாகச் சொன்னாள்.

"எழுதினேன்பா. இழந்தவங்களைப் பத்தித்தானே கேட்டிருந்தாங்க. உங்களைப் பத்தி எழுதினேன்."